இன்னும் ரெண்டு மாசம்

2019 பிப்ரவரி 21, வியாழக்கிழமை. செழியன் இயக்கிய ‘டு லெட்’ படம் தியேட்டர்களுக்கு வந்தது. மறுநாள், 22-ம் தேதி, தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது.

யாரும் பேசிவைத்துச் செய்ததில்லை. ஆனாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. இரண்டும் ஒரே கேள்வியின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சொன்ன தேதி தாண்டியும் ஒரு குடும்பம் ஏன் அந்த வீட்டைவிட்டுப் போகாமல் இருக்கிறது?

படத்துக்குப் பதில் தெரிந்திருக்கிறது. சட்டத்துக்குத் தெரியவில்லை. படம் வந்த மறுநாளே வந்த சட்டம், முந்தின நாள் போய் அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

பார்க்காதவர்களுக்காகக் கதை நாலு வரியில். 2007-ம் வருஷத்துச் சென்னை. இளங்கோ, சினிமாவில் எழுதி முன்னுக்கு வரலாம் என்று இருக்கிறவன். மனைவி அமுதா. சின்னப் பையன் சித்தார்த். ஐ.டி. கம்பெனிகள் வந்து நகரத்தில் வாடகை எகிறிய நேரம். ஒரு நாள் ஹவுஸ் ஓனர் அம்மா, ஒரு மாசத்தில் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுகிறார். புருஷனும் பெண்டாட்டியும் பையனைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு வீடு தேடிப் போகிறார்கள்.

அவ்வளவுதான் படம். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. 65-வது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருது கிடைத்தது. ஆனால் விருதுப் படம் என்றதும் கொட்டாவி விடுகிற ஆசாமிகள்கூட இதைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். பாதிப் பேர் அடுத்த மாச வாடகையை நினைத்திருப்பார்கள்.

படத்தில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று. இவர்கள் குடியிருக்கும்போதே, வீடு பார்க்க வேறு ஆட்கள் வருகிறார்கள். கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே வருகிறார்கள். அமுதா சமைத்துக்கொண்டிருக்கும் அடுப்படியை, படுத்து எழுந்த பாயை, பாத்ரூமை எல்லாம் ஒரு பார்வை பார்க்கிறார்கள். அமுதா ஓரமாக ஒதுங்கி நிற்கிறாள். இன்னும் கெடு முடியவில்லை. வாடகை பாக்கி இல்லை. சட்டப்படி இன்றைக்கும் அது அவள் வீடுதான். ஆனால், அந்த அரை நிமிஷத்தில் அவள் அங்கே ஒரு பழைய சாமான் மாதிரி ஆகிவிடுகிறாள். வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தலை வாராமல் நின்ற நேரத்தில் ஒரு புதுக் குடும்பம் உங்கள் பீரோவைத் தள்ளிவிட்டு ஜன்னல் அகலத்தை அளந்துவிட்டுப் போயிருக்கும்.

அடுத்தது, அவர்கள் போய் நிற்கிற வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் கேள்விகள். என்ன வேலை? எந்த ஊர்? என்ன ஆளுங்க? கறி, மீன் சமைப்பீங்களா? சினிமாவில் இருக்கிறேன் என்றதும் முகம் மாறுகிறது. கடைசியில் அவன் ஐ.டி. வேலை என்று பொய் சொல்லும் நிலைமைக்கு வருகிறான். பணம் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அது வியாபாரம், புரிந்துகொள்ளலாம். ஆள் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

*

இங்கே படத்தோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு இருக்கிறது. ஐ.டி. வந்தது, வாடகை ஏறியது, அதனால் இந்தக் குடும்பம் தெருவுக்கு வந்தது என்று படம் கணக்கைத் தொடங்குகிறது. சென்னையில் இருந்து பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வரும். வடக்குத்தில் இருந்து பார்த்தால் உதைக்கிறது.

வடக்குத்து எங்கே என்று கேட்பவர்களுக்கு: நெய்வேலி டவுன்ஷிப்பை விட்டு ஆர்ச் கேட் வழியாக வெளியே வந்தால் சென்னை - கும்பகோணம் ரோடு. அதை ஒட்டி இந்திரா நகர், வடக்குத்து. கேட்டுக்கு அந்தப் பக்கம் கம்பெனி வீடு, வட்டம் நம்பர், வரிசை வரிசையாக மரம். இந்தப் பக்கம் சொந்த வீடு, வாடகை வீடு, மாடியில் ஒரு போர்ஷன், அதற்குத் தனியாக ஒரு இரும்புப் படிக்கட்டு.

இங்கே ஐ.டி. கம்பெனி கிடையாது. ஆனால், கேள்விகள் அப்படியே இருக்கின்றன. கொஞ்சம் உள்ளூர் சரக்கு சேர்த்துக் கேட்பார்கள்.

“சார் எங்க வேலை?”

“என்.எல்.சி.ல.”

“பெர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?”

இந்த இரண்டாவது கேள்வியில் பாதி முடிவு ஆகிவிடும். நெய்வேலியின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு எத்தனையோ முறை போராடியிருக்கிறார்கள், பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்த நிரந்தரம் சம்பளச் சீட்டுக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. மாடி போர்ஷன் கிடைக்கவும் தேவைப்படுகிறது.

“சொந்த ஊர்?”

ஊர் பேரைச் சொல்வார்.

“ஊருக்குள்ளயா... அந்தப் பக்கமா?”

கடலூர் மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் இந்தக் கேள்விக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டாம். ஜாதியைப் பச்சையாகக் கேட்பது நாகரிகம் இல்லையாம், அதனால் திசையைக் கேட்கிறார்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் மூஞ்சியில் அடித்தமாதிரி இல்லை என்று சொல்ல மாட்டார்கள். “பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போன் பண்றேன்” என்பார்கள். அந்தப் பையன் துபாயில் இருப்பான். போன் வராது.

ஆகவே, ஐ.டி. வந்ததால் வந்த வியாதி இல்லை இது. உடம்பில் இருந்தது, ஐ.டி. பணம் வந்ததும் சென்னையில் காய்ச்சலாகத் தெரிந்தது. படம் 2007 என்று ஒரு வருஷத்தைப் போட்டுக்கொண்டதால், ஏதோ அந்தக் காலத்துச் சமாசாரம் என்று சிலர் தப்பித்துக்கொள்ள வழி கிடைத்துவிட்டது.

*

இப்போது சட்டத்துக்கு வருவோம். அதன் முழுப் பெயர், ‘தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம், 2017’. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மாச வாடகை ஏறிவிடும். புதுச் சட்டம் என்றே வைத்துக்கொள்வோம்.

இதற்கு முன்னால் இருந்தது 1960-ம் வருஷத்துச் சட்டம். அது வேறு ஜாதிச் சட்டம் (மன்னிக்கவும், வேறு ரகம்). அதன்படி, அக்ரிமென்ட் முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவரை வெளியேற்ற முடியாது. வாடகை பாக்கி, ஓனரின் சொந்த உபயோகம், இடித்துக் கட்டுவது என்று ஏதாவது ஒரு காரணத்தைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். 1979-ல் தனபால் செட்டியார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிற இடத்தில், காலி செய்யச் சொல்லி வழக்குப் போடுவதற்கு முன் சொத்து மாற்றுச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துவைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏனென்றால், ஒப்பந்தம் முடிந்தாலும் முடியாவிட்டாலும், காரணம் இருந்தால்தான் வீடு திரும்பக் கிடைக்கும்.

அதாவது, கெடு தாண்டித் தங்குவது அன்றைக்குக் குற்றம் இல்லை. சட்டம் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுத்திருந்தது. அதைச் சிலர் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதையும் ஒளிக்க வேண்டாம். தாத்தா காலத்து வாடகையைப் பேரன் கொடுத்துக்கொண்டு, அந்தக் கடையையே உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதித்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஓனர் வாடகையை வாங்க மறுப்பார். வாங்கவில்லை என்றால் பாக்கி ஆகிவிடும், பாக்கி ஆனால் காரணம் கிடைத்துவிடும். இவர் மணியார்டர் அனுப்புவார். ‘வாங்க மறுப்பு’ என்று அது திரும்பி வரும். அந்தச் சீட்டைக் கல்யாண ஆல்பம் மாதிரி பத்திரப்படுத்துவார். பதினைந்து வருஷ வழக்குக்கு அதுதான் ஆயுதம்.

இந்தப் பயத்தில்தான் நம் ஓனர்கள் பேப்பரையே வெறுத்தார்கள். எழுதினாலும் 11 மாசம். ஏன் 11 என்று நான் பி.காம். படித்தபோது மெர்கண்டைல் லா வாத்தியாரைக் கேட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் போகிற குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பதிவுச் சட்டம். ஒரு மாசம் குறைத்தால் அந்தச் செலவு மிச்சம் என்றார். ஒரு தேசமே ஒரு மாச வித்தியாசத்தில் குடித்தனம் நடத்தியிருக்கிறது.

புதுச் சட்டம் அப்படியே திருப்பிப் போட்டது. இனி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வேறுவிதமாகப் பேசிக்கொள்ளவில்லை என்றால் அட்வான்ஸ் மூன்று மாச வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரை நிறுத்துவது, கரன்ட்டைப் பிடுங்குவது கூடாது. (மோட்டார் ரிப்பேர் என்று நாலு நாள் தண்ணீர் விடாத ஓனர்கள் கவனிக்க.) இதெல்லாம் நல்ல விஷயங்கள். கை தட்டலாம்.

கெடு முடிந்த பிறகு என்ன? புதுப்பிக்கவும் இல்லை, காலி செய்யவும் இல்லை என்றால், பழைய நிபந்தனைகளிலேயே மாசா மாசம் என்று அதிகபட்சம் ஆறு மாசம் ஓடும். அதன் பிறகும் உட்கார்ந்திருப்பவரிடம் ஓனர் இரட்டிப்பு வாடகை கேட்கலாம். 2021-ல் மத்திய அரசு ஒரு மாதிரி வாடகைச் சட்டம் வெளியிட்டது, மாநிலங்கள் பார்த்து எழுதிக்கொள்ள. அதில் முதல் இரண்டு மாசம் இரட்டிப்பு, அதற்கு மேல் நாலு மடங்கு. புதுச் சட்டம் எட்டாத வாடகைகளுக்கு இருக்கவே இருக்கிறது 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம். கெடு முடிந்த பிறகும் ஓனர் வாடகை வாங்கிக்கொண்டால், மாசா மாசம் தொடர்வதாக அர்த்தம். 15 நாள் நோட்டீஸில் முடித்துவிடலாம்.

சரி, கணக்குப் போடுவோம். அதற்குத்தானே பி.காம்.? ஒரு பேச்சுக்கு வாடகை 8,000 என்று வையுங்கள். அட்வான்ஸ் 24,000. வேறு வீடு போக வேண்டும் என்றால் அங்கே அட்வான்ஸ் 24,000, முதல் மாச வாடகை 8,000, புரோக்கருக்கு 8,000, வண்டி, ஏற்று கூலி, இறக்கு கூலி 5,000. ஆக 45,000 ரூபாய் ஒரே நாளில் கையில் வேண்டும். பழைய அட்வான்ஸ் எப்போது வரும்? காலி செய்து, சாவியைக் கொடுத்து, ஓனர் சுவரைத் தடவிப் பார்த்து, பெயின்ட்டிங் சார்ஜ் என்று ஒரு மாசத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு. மாசம் 15,000 வாங்குகிற கான்ட்ராக்ட் தொழிலாளி அந்த 45,000-ஐ எங்கே போய்ப் புரட்டுவார்? புரட்டும்வரை தங்குவார். தங்கினால் மாசம் 8,000 அபராதம். மூன்றே மாசத்தில் 24,000 போச்சு. வீடு காலியாவதற்கு முன்னால் அட்வான்ஸ் காலி.

போகப் பணம் இல்லாததால் தங்குகிறவரிடம், தங்கியதற்காகப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, இப்போது போ என்கிற இந்த ஏற்பாட்டை எழுதியவர் வாடகை வீட்டில் இருந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

இன்னொரு ஷரத்து இருக்கிறது. ஓனரும் வாடகைதாரரும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே, வெளியேற்றக் கேட்க ஒரு காரணம். தவறியது யார் என்று அந்த வரி கேட்பதில்லை. வாயால் பேசிக் குடியேறிய வீடுகள் நம்மிடம் எத்தனை? “அதெல்லாம் எதுக்கு சார், நமக்குள்ள பேப்பரா?” என்று அன்பாகத் தோளைத் தட்டியது யார்? பெரும்பாலும் ஓனர்தான். அதே ஓனர், அதே பேப்பர் இல்லாததைக் காட்டி, வெளியே போகச் சொல்லலாம்.

*

பழைய சட்டத்தின் காலத்திலும் நமக்கு ஒரு படம் இருந்தது. பாலு மகேந்திராவின் ‘வீடு’, 1988. குடியிருக்கும் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டப்போகிறார்கள். ஆபீஸில் வேலை பார்க்கும் சுதா (அர்ச்சனா), தங்கை, தாத்தா (சொக்கலிங்க பாகவதர்) மூவரும் வெளியேற வேண்டும். வாடகைக்கு வீடு தேடி அலுத்துப்போய், இருக்கும் மனையில் சொந்தமாகக் கட்டலாம் என்று இறங்குகிறார்கள். அப்புறம் நடப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், தெரியாதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவனித்தீர்களா? 1960 சட்டம் உயிரோடு இருந்த வருஷங்கள் அவை. அந்தக் குடும்பம் கோர்ட்டுக்குப் போயிருந்தால் சில வருஷமாவது இழுத்திருக்கலாம். ஆனால், சுதா மாதிரியான குடும்பங்கள் இழுத்தடிப்பதில்லை. கோர்ட், வக்கீல், நாலு பேர் பேச்சு என்றால் நடுங்குகிற நடுத்தர வர்க்கம், சட்டம் பக்கம் இருந்தபோதும் மூட்டை கட்டியது. சட்டத்தை வைத்து இருபது வருஷம் தங்கியவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள், வசதியுள்ளவர்கள். எனவே, பழைய சட்டம் போனதே என்று நான் ஒப்பாரி வைக்கப்போவதில்லை. அதுவும் யாருக்குத் தேவையோ அவர்களைப் பார்த்ததில்லை.

இரண்டு படத்துக்கும் நடுவில் 29 வருஷம். (‘டு லெட்’ முதலில் திரைவிழாக்களில் காட்டப்பட்டது 2017-ல்.) ‘வீடு’ படத்தில் தப்பிக்க ஒரு கனவாவது மிச்சம் இருந்தது, கையில் ஒரு மனை. இளங்கோவுக்கும் அமுதாவுக்கும் அதுவும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது சொந்த வீடுகூட இல்லை. யாராவது நம்பி, வாடகை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்கு ஆசை சுருங்கிவிட்டது.

*

டவுன்ஷிப்புக்குள் போவோம். அங்கே இருப்பது வேறு மாதிரி ஓனர். கம்பெனி.

1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த ஊர் நெய்வேலி. அதற்காகக் காலி செய்து போன கிராமங்களின் மேல் நிற்கிறது, அதை மறக்க வேண்டாம். ஆனால், அங்கே கட்டிய வீடுகளில் ஒரு விஷயம் நடந்தது. குவார்ட்டர்ஸ் ஒதுக்கும்போது கிரேடு பார்த்தார்கள், சீனியாரிட்டி பார்த்தார்கள். நீ என்ன சமைப்பாய், ஊருக்குள்ளா அந்தப் பக்கமா என்று கேட்டு சாவி கொடுக்கவில்லை. பெரிய பதவிக்குப் பெரிய வீடு, சின்னப் பதவிக்குச் சின்ன வீடு என்ற ஏற்றத்தாழ்வு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால், பக்கத்து வீட்டில் யார் என்பதை எம்ப்ளாயீ நம்பர் முடிவு செய்தது. நம் தமிழ்நாட்டுத் தெருக்களில் இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படி ஒரு வீட்டில் முப்பது வருஷம் இருந்தவர், 60 வயதில் ரிட்டயர் ஆகி, ஆர்ச் கேட்டைத் தாண்டி வடக்குத்துக்கு வீடு தேடி வருகிறார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு தனி மனிதர் அவரிடம் கேட்கிறார்: “நீங்க என்ன ஆளுங்க?”

ரிட்டயர் ஆனவர்கள் குவார்ட்டர்ஸைவிட்டு லேசில் போக மாட்டார்கள் என்று பொதுத்துறை ஊர்கள் எல்லாவற்றிலும் ஒரு பேச்சு உண்டு. சலுகையை விட மனசு இல்லை என்பார்கள். அதுவும் இருக்கலாம். மேலே சொன்ன அந்தக் கேள்விக்குப் பயந்து தங்கியவர்களை யார் எண்ணினார்கள்?

கம்பெனி வீட்டில் கெடு தாண்டித் தங்குவதற்குத் தனிச் சட்டம், 1971-ம் வருஷத்துப் பொது இடங்கள் சட்டம். எஸ்டேட் ஆபீஸர் நோட்டீஸ் கொடுப்பார், விசாரிப்பார், வெளியேற்ற உத்தரவு போடுவார். பீனல் ரென்ட் என்ற அபராத வாடகை வேறு. பொக்காரோ ஸ்டீல் குவார்ட்டர்ஸ் தொடர்பான வழக்கில் 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், கெடு தாண்டித் தங்கினால் பீனல் ரென்ட் இயல்பான விளைவு, அதைக் கிராஜுவிட்டியில் கழித்துக்கொள்ளலாம் என்ற நிலையை எடுத்தது. முப்பது வருஷ உழைப்புக்குக் கிடைக்கிற தொகையில் இருந்து, மூன்று மாசத் தயக்கத்துக்குக் கழிவு. அடுத்து வரும் தொழிலாளி அந்த வீட்டுக்காகக் காத்திருக்கிறார் என்ற நியாயமும் இதில் இருக்கிறது, அதனால் தீர்ப்பைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். ரிட்டயர் ஆனபோது மகள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகையில் குவார்ட்டர்ஸ் அட்ரஸ் அடித்தாகிவிட்டது. “இன்னும் ரெண்டு மாசம்” என்று மனு எழுதிக் கொடுத்து, அலைந்து, கல்யாணம் முடித்துத்தான் வெளியே வந்தார். வந்த பணத்தில் வடக்குத்தில் வீடு கட்டினார். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார். போன வருஷம் அவருடைய வாடகைதாரர், பையனுக்கு பிளஸ் டூ பரீட்சை முடியட்டும், இன்னும் ரெண்டு மாசம் என்று கேட்டார்.

“அக்ரிமென்ட் முடிஞ்சு போச்சே தம்பி” என்றாராம் பெரியவர்.

கெட்டவர் இல்லை. மருந்துச் செலவுக்கு அந்த வாடகைதான். புதிதாக வருகிறவர் 2,000 அதிகம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பெரியவரைத்தான் ‘டு லெட்’ படத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. படத்தில் வருகிற ஓனர் அம்மா (ஆதிரா பாண்டிலட்சுமி, பிரமாதமாக நடித்திருக்கிறார்) கறாரான முகம், கறாரான குரல். நமக்கு அவர் மேல் கோபம் வருகிறது, படம் முடிந்ததும் அந்தக் கோபத்தை அவர் மேலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அவர் கணக்கு நோட்டை ஒரு நிமிஷம் திறந்து காட்டியிருந்தால், தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஓனர்கள் (நிச்சயம் இருந்திருப்பார்கள்) தங்களையும் பார்த்திருப்பார்கள். வில்லியாகக் காட்டியதால், அது நான் இல்லை என்று நிம்மதியாக எழுந்து போயிருப்பார்கள். நல்ல படத்தில் எனக்கு இருக்கிற பெரிய குறை இதுதான்.

*

இரண்டு மாசம் கேட்பது ஏழைகளின் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதியாக இருந்த டி.ஒய்.சந்திரசூட் 2024 நவம்பரில் ஓய்வு பெற்றார். டெல்லி கிருஷ்ண மேனன் மார்க் பங்களாவில் 2025 மே 31 வரை இருக்க அனுமதி. அதைத் தாண்டியும் இருந்ததால், ஜூலையில் சுப்ரீம் கோர்ட் நிர்வாகமே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. விசேஷக் கவனிப்பு தேவைப்படும் இரண்டு மகள்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தோதான வீடு அமைய நாளாகிறது என்று அவர் விளக்கம் சொன்னார். ஆகஸ்ட் தொடக்கத்தில் காலி செய்தார்.

அப்போது அவரைக் கிண்டல் செய்து எழுதியவர்கள் நிறைய. எனக்குக் கிண்டல் தோன்றவில்லை. தோதான வீடு கிடைக்கவில்லை என்று ஒரு தலைமை நீதிபதி சொன்னால் அது செய்தி. அதிகாரிகள் படிக்கிறார்கள், பேப்பர்கள் விவாதிக்கின்றன. இந்திரா நகரில் ஒரு லாரி டிரைவர் சொன்னால் அது சாக்கு. வீடு கிடைக்கவில்லை என்பதை ஒரு காரணமாக எந்தப் படிவத்திலும் எழுத முடியாது.

சட்டத்தில் விடுபட்டது இதுதான். புதுச் சட்டத்தை எடுத்து முழுக்கப் படியுங்கள். காலி செய்யாதவரை என்ன செய்வது என்று இருக்கிறது. ஜாதி கேட்டு, மதம் கேட்டு, சாப்பாடு கேட்டு, புருஷன் இல்லாத பெண் என்று பார்த்து, வீடு தர மறுப்பவரை என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. 2021 மாதிரிச் சட்டத்திலும் கிடையாது. அமெரிக்காவும் பிரிட்டனும் நிறம், இனம் பார்த்து வீடு மறுப்பதைச் சட்டத்தால் தடுத்தது 1968-ல். அதனால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை, ஆனால் மறுக்கப்பட்டவர் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது. நம் ஊரில் 2005-ல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினராக எங்கள் ஆட்கள் மட்டுமே என்ற விதி செல்லும் என்றது சுப்ரீம் கோர்ட். பாகுபாடு கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் கை, பெரும்பாலும் அரசாங்கத்தின் தோளைத்தான் பிடிக்கிறது. மாடி போர்ஷன் படிக்கட்டு வரை ஏறுவதில்லை.

சொந்த வீட்டை யாருக்கு விடுவது என்பது என் இஷ்டம் இல்லையா என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயமான கேள்விதான். நீங்கள் குடியிருக்கும் வீட்டில் ஒரு அறையை விடுகிறீர்கள் என்றால் உங்கள் இஷ்டம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். ஆனால், நாலு போர்ஷன் கட்டி, போர்டு மாட்டி, மாசா மாசம் வாடகை வாங்குவது தொழில். டீக்கடைக்காரர் இரட்டை டம்ளர் வைத்தால் வழக்குப் போட முடிகிறது. ஓனர் இரட்டை நாக்கு வைத்தால் முடிவதில்லை.

கூடவே ஒரு சின்ன விஷயம் செய்யலாம், சட்டத்தையே தூக்கிப் போட வேண்டியதில்லை. இரட்டிப்பு வாடகை போடுவதற்கு முன்னால், அந்தக் குடும்பம் எத்தனை வீடு தேடியது, எங்கெல்லாம் மறுத்தார்கள் என்று வாடகை அதிகாரி ஒரு கேள்வி கேட்கலாம். ஸ்கூல் வருஷம் முடியும்வரை அபராதம் இல்லாமல் அவகாசம் தரலாம். பழைய ஓனர் அட்வான்ஸில் பாதியை, காலி செய்யும் முன்பே, புது ஓனர் பெயருக்குக் கொடுக்கச் செய்யலாம். மேலே போட்ட 45,000 ரூபாய் கணக்கில் 12,000 அங்கேயே குறையும்.

மார்ச் பிறந்தால் இந்திரா நகர்ப் பக்கம் கேட்டுகளில் அட்டை தொங்க ஆரம்பிக்கும். ‘வீடு வாடகைக்கு’ என்று எழுதி, கீழே ‘ஃபேமிலி மட்டும்’, ‘வெஜ் மட்டும்’ என்று இரண்டு வார்த்தை. ‘டு லெட்’ எங்காவது கிடைத்தால் அதற்குள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம், உங்களுக்குக் கதை தெரியும். விடுகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.